கோடைத் தவணையில் இரண்டு கடினமான பாடங்கள் எடுக்கலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர், மே மாதம் திருகோணமலைக்கு விடுமுறையில் வரும்போதே, இரண்டு மூன்று கடினமான பாடங்களை இணையவழியில் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று திட்டமிடுகிறார்கள். பதிவு செய்வதற்கு முன் கீழுள்ளவற்றை ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு தாளில் மணித்தியாலங்களைக் கணக்கிடுங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்பது, ஏறத்தாழ 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணித்தியால வகுப்பும் குறைந்தது இரண்டு மணித்தியாலச் சுயபடிப்பும் ஆகும். எனவே 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 135 மணித்தியாலங்கள் வேண்டும். வழமையான தவணையில் வாரத்துக்கு 9 மணித்தியாலமாகப் பரவியிருக்கும் இந்த வேலை, 6 வாரத் தவணைக்குள் அடைபடும்போது 22½ ஆகிறது. இரண்டு பாடங்களுக்கு 45, மூன்றுக்கு 67½. மூன்று பாட யோசனையை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுங்கள். தவணை 12 வாரமாயின் இரண்டு பாடங்களுக்கும் சேர்த்து 22½ தான்; அது தாங்கக்கூடியது.

அடுத்து, பாடங்களின் தன்மையைப் பாருங்கள். சேதன இரசாயனம், நுண்கணிதம் போன்றவற்றில் நேற்றைய பாடம் மனதில் படியாமல் இன்றைய பாடம் விளங்காது. 6 வாரத் தவணையில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், வழமையான தவணையின் இரண்டரை நாள் வேலை பின்தங்கிவிடும். ஆகவே கணக்குச் செய்து பழகவேண்டிய பாடம் ஒன்றையும், வாசித்துக் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றையும் சேர்ப்பதே நல்லது என்பேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு வகையீடும் தொகையீடும் ஏற்கெனவே பழக்கமானவை என்பதால், நுண்கணிதத்தின் முதற்பகுதியை இன்னொரு கடினமான பாடத்துடன் சேர்த்து எடுக்கத் துணியலாம். ஆனால் ஒரே பாடத்தின் முதற்பகுதியையும் இரண்டாம் பகுதியையும் ஒரே நேரத்தில் எடுக்க வழக்கமாக அனுமதிக்கமாட்டார்கள்.

பலர் மறந்துவிடுவது மணிக்கூட்டை. கோடையில் நியூயோர்க் நமக்கு 9½ மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே காலை 10 மணி நேரலை வகுப்பு இங்கே இரவு 7.30க்கு; பிற்பகல் 2 மணிப் பரீட்சை இரவு 11.30க்கு. இரண்டு பாடங்களும் நேரலை என்றால், நள்ளிரவு தாண்டிப் படுத்து, கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதப் பகலில் பயிற்சிக் கணக்குகளைச் செய்ய வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வரும் மாமி, சித்தப்பா எல்லோருக்கும் அந்தப் பகல்தான் கிடைக்கும்! ஒளிப்பதிவாகப் பார்க்கலாமா, பரீட்சை நேரத்தை மாற்றலாமா என்று விரிவுரையாளரிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே கேளுங்கள்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் ஒரு கல்வியாண்டை முடித்தவர்கள், அடுத்த தவணைக்குத் திரும்புவதாக இருந்தால், கோடையில் படித்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. விசாவுக்குப் பயந்து பாடம் எடுக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பாடத்தைக் கைவிடுவதற்கான இறுதி நாளைக் குறித்துவையுங்கள். குறுந்தவணையில் அது தொடங்கிய சில நாட்களிலேயே வந்துவிடும்; அதற்குப் பிறகு விலகினால் பெறுபேற்றுப் பத்திரத்தில் ‘டபிள்யூ’ என்று பதிவாகும், கட்டணமும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். நேரத்தையும் இலங்கைக் கணக்கில் எழுதுங்கள்: அங்கே மாலை 5 மணிக்கு அலுவலகம் மூடும்போது இங்கே மறுநாள் அதிகாலை 2.30.