ஊர்ப்பக்கம் போகும்போது ஆடு மாடுகளைப் படமெடுப்பது எப்படி?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். வண்டி நின்ற சத்தத்துக்கே வேலிக்கு அந்தப்பக்கம் மேயும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தப் பார்வையைப் படம்பிடிக்கச் செல்போனே போதும்.

முதலில் நேரம். காலை எட்டரைக்குள், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். உச்சி வெயிலில் கண் இருக்குமிடம் வெறும் நிழலாகத்தான் விழும்.

வண்டியைத் தார்ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். படலைத் திறக்கும் முன் மேய்ப்பவரிடம், "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். கண்ணு பட்டுவிடும் என்று சிலர் தயங்குவார்கள். அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதான். சரி என்று சொன்னால், எது முட்டும், எது சாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உட்காருங்கள். நான் சொல்வதில் இதுதான் முக்கியம். நின்றபடி எடுத்தால் முதுகும் மண்ணும்தான் கிடைக்கும். தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் வெள்ளாட்டுக்குட்டிகள் தானாகவே வரும். ஒன்று செருப்பு வாரை முகரும், இன்னொன்று சட்டை நுனியைக் கடித்து இழுக்கும். துரத்தினால் ஒன்றும் நிற்காது. பிஸ்கெட் காட்டியும் கூப்பிட வேண்டாம், அது அவற்றின் தீனி இல்லை.

மாட்டிடம் போகும்போது தோள் பக்கமாக, அது பார்க்கிற மாதிரி மெதுவாகப் போங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கே ஆள் வந்தால் மிரண்டு உதைக்கும். கன்றோடு நிற்கும் பசுவையும் குட்டி போட்ட நாயையும் தூரத்திலிருந்தே எடுங்கள்.

இனி போன். திரையில் விலங்கின் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும்; ஆறு மாதம் போல ஆனால் சாம்பலாக மாறிவிடும். வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், விலாப்பக்கம் வெளுத்துப்போகும். ஃபோகஸ் கட்டத்தின் பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரியாகிவிடும்.

ரொம்பக் கிட்டே போனால் மூக்கு மட்டும் பெருத்துத் தெரியும். இரண்டு மடங்கு ஜூம் வைத்து, நாலடி தள்ளி உட்காருங்கள். போர்ட்ரெய்ட் மோடு எனக்குப் பிடிக்காது. காதோர முடியையும் கொம்பு நுனியையும் அது மங்கலாக்கிவிடுகிறது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஆட்டின் கண்ணையும் ஒருமுறை ஜூம் பண்ணி எடுத்துப் பாருங்கள். வெயிலில் கண்மணி படுக்கைக்கோடாகச் சுருங்கியிருக்கும், பொழுது சாயச் சாய விரியும். ஒரே ஆட்டை இரண்டு வேளையும் எடுத்தால் அந்த வித்தியாசம் படத்தில் தெரியும்.

கிளம்பும்போது படலைச் சாத்திக் கயிற்றை மாட்டிவிட்டு, படத்தை மேய்ப்பவரிடம் காட்டுங்கள். மாட்டின் பேரைக் கேட்டு, அந்தப் பேரிலேயே படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.