துண்டை மாட்டிக் காலை இழுக்காதீர்கள்: ஜவ்வு விலகியவர்கள் கோர் பயிற்சியில் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் புதிதாக ஒருவர் வந்தார். முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 என்ற இடத்தில் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி ஒன்றரை வருடம். "வீட்டில் செய்வதை அப்படியே செய்து காட்டுங்கள்" என்றேன். பாயில் மல்லாந்து படுத்தார். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் காலை மேலே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு 30 வரை எண்ணினார். "சுண்டுவிரல் பக்கம் விறுவிறுக்கிறதா?" என்று கேட்டேன். "ஆமா, அங்க வரைக்கும் போனாத்தான் நல்லா இழுபட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் பிசியோதெரபி படிப்பதற்கு முன், வெறும் நோயாளியாக இருந்த காலத்தில், இதே துண்டு, இதே 30, இதே நம்பிக்கை. அதற்கு நான் கொடுத்த விலை 7 மாதம்.

குனிந்து கனம் தூக்கக் கூடாது, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் கோர் பயிற்சியை ஒழுங்காக, அக்கறையோடு செய்கிறவர்களே விழும் குழிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நரம்பைத் தசை என்று நினைத்து இழுப்பது

டிஸ்க் வலி நாள்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வது: "தொடைக்குப் பின்னால் கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு." இறுக்கம் என்றால் இழுத்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதனால் கோர் பயிற்சி தொடங்குமுன் பின்தொடைத் தசையை (ஹாம்ஸ்ட்ரிங்) இழுக்கும் ஸ்ட்ரெச், முடித்த பிறகு இன்னொரு முறை, தூங்கப் போகுமுன் ஒன்று.

அந்த இடத்தில் தசை மட்டும் ஓடவில்லை. உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பும் அதே பாதையில்தான் போகிறது. இடுப்புத் தண்டில் இருந்து வரும் வேர்கள் ஒன்றுசேர்ந்து, பிட்டத்தின் ஆழத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக வந்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. பிதுங்கிய ஜவ்வு இந்த வேர்களில் ஒன்றை உரசி வீங்க வைத்திருக்கும்போது, அந்த நரம்பால் முன்போல வழுக்கி நகர முடிவதில்லை. காலை நீட்டி உயர்த்தினால் அது இழுபடுகிறது. உடம்பு அதைக் காப்பாற்றப் பின்தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. நீங்கள் உணரும் கயிறு பெரும்பாலும் அந்தக் காவல்தான்.

மருத்துவர் உங்களை முதன்முதலில் பரிசோதித்ததை நினைத்துப் பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெதுவாக உயர்த்தியிருப்பார். சுமார் 30 முதல் 70 டிகிரிக்குள் காலில் மின்னல் போல வலி ஓடினால் நரம்பு வேர் சீண்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் அதை ஒருமுறை செய்தார், வலி வந்ததும் காலை இறக்கிவிட்டார். அதே அசைவைத்தான் நாம் துண்டைக் கட்டி, 30 எண்ணி, ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்கிறோம். நரம்பு எரிகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிகிச்சை என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர். "இறுக்கம் போனால் வலியும் போகும்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். முதல் வாரம் இழுத்து முடித்ததும் ஒரு பத்து நிமிடம் லேசாக இருக்கும். அந்தப் பத்து நிமிடம்தான் என்னை ஏமாற்றியது. மாலைக்குள் கெண்டைக்கால் கனக்கும், இரவில் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். "இன்னும் போதவில்லை" என்று மறுநாள் கூடுதலாக இழுப்பேன். பிட்டத்தோடு நின்றிருந்த வலி இரண்டே மாதத்தில் கணுக்காலுக்கு இறங்கியது. கோர் பயிற்சிகள் எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அவை ஆற்றியதை இந்தத் துண்டு கிளறிவிட்டுக்கொண்டே இருந்தது. 7 மாதம் கழித்து, வேறொரு பிசியோதெரபிஸ்ட் அம்மா, "இதை மட்டும் மூன்று வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார். வேறு எதையும் மாற்றவில்லை. மூன்றாவது வாரம் கணுக்கால் வலி இல்லை.

இழுப்பது தசையா நரம்பா என்று ஓரளவு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். வலியுள்ள காலின் முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். பின்தொடையில் இழுப்பு தொடங்கியதும் அங்கேயே நிறுத்துங்கள். காலையும் முதுகையும் அசைக்காமல், மோவாயை மட்டும் மார்பை நோக்கித் தாழ்த்துங்கள், பிறகு நிமிர்த்துங்கள். தலை தாழும்போது காலில் இழுப்பு கூடி, நிமிரும்போது குறைந்தால் அது வெறும் தசை இல்லை. ஹாம்ஸ்ட்ரிங் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடுகிறது. கழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தண்டுவடத்தைச் சுற்றிய உறைதான் தலையில் இருந்து முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பு வரை ஒரே நீளமாக ஓடுகிறது. ஒருமுறை செய்து பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இதுவும் இன்னொரு துண்டாகிவிடும்.

நரம்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். குனிய வேண்டிய இடத்தில் முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கப் பழகுங்கள். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். நரம்பை இழுக்காமல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடவிடும் பயிற்சிகள் உண்டு, ஆனால் அவற்றைப் பக்கத்தில் ஒருவர் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். எரிச்சல் அடங்க அடங்க, காவல் தளர்ந்து கால் தானாக உயரும். இதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். இன்னும் துண்டோடு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

வலி இடம் மாறுவதைக் கவனிக்காதது

பயிற்சி பலிக்கிறதா என்பதற்கு வியர்வையோ எண்ணிக்கையோ அளவுகோல் இல்லை. வலி எங்கே இருக்கிறது என்பதுதான் அளவுகோல். நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி இதைத்தான் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். காலில் இருந்த வலி மேலேறி, தொடைக்கு வந்து, பிட்டத்துக்கு வந்து, இடுப்பின் நடுவில் நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் சரி. இடுப்பு வலி குறைந்து கால் வலி கீழே இறங்கினால், நீங்கள் செய்த ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. அன்று மட்டும் பார்க்காதீர்கள். மறுநாள் காலை வரை காத்திருந்து பாருங்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு "முழங்கால்", "கணுக்கால்", "பிட்டம்" என்று ஒரே சொல் எழுதி வைத்தால் போதும். இரண்டு வாரத்தில் எந்தப் பயிற்சி சிக்கல் செய்கிறது என்று தெரிந்துவிடும்.

எழுந்ததும் பாயை விரிப்பது

இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் 1 செ.மீ. அல்லது அதற்கும் மேல் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க் வளைந்தால் அதன் பின்சுவரில் அழுத்தம் மிக அதிகம். எழுந்து முதல் ஒரு மணி நேரம் முன்பக்கம் குனிவதைத் தவிருங்கள், பயிற்சியை அதற்குப் பிறகு வையுங்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் காலை நேரத்தில் குனிவதை மட்டும் கட்டுப்படுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 1998ல் வந்தது. வலி குறைந்தது. பல் துலக்கும்போது ஒரு கையை வாஷ்பேசினில் ஊன்றிக்கொள்வதும் இதில் சேரும்.

சிட்-அப்

வேண்டாம். ஒன்றுகூட.

வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடிப்பது

1996ல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்று காட்டினார்கள். ஆரோக்கியமானவர் கையை உயர்த்தினால், கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் தசை இறுகிவிடுகிறது. இடுப்பு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது காதுவழியாகப் பரவிப் பரவி, "தொப்புளை முதுகோடு ஒட்டவை" என்ற ஒற்றை வரியாகிவிட்டது. மக்கள் வயிற்றை உறிஞ்சிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கச் செய்கிறார்கள். மூச்சை அடக்கி முக்கினால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் கூடும். தும்மினால் ஏன் சுள்ளென்கிறது என்று யோசித்தால் இது புரியும்.

இடுப்பு எலும்பின் முன்முனையைத் தொட்டு, அங்கிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, விரல்நுனியால் லேசாக அழுத்துங்கள். இருமப் போவது போல நினையுங்கள், இரும வேண்டாம். விரலுக்கடியில் மெதுவாக ஒரு விறைப்பு எழும். அவ்வளவு இறுக்கம் போதும். அந்த நிலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடியவில்லை என்றால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள்.

நிமிடக் கணக்கில் பிளாங்க் பிடிப்பது

பிளாங்க் என்பது முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராகத் தாங்குவது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை நீண்ட காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள்: கர்ல்-அப், சைடு பிரிட்ஜ் (பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), பேர்ட் டாக் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது). கர்ல்-அப்பை சிட்-அப் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். மல்லாந்து படுத்து, கைகளை இடுப்பு வளைவின் கீழே வைத்து, ஒரு முழங்காலை மடக்கி, தலையும் தோளும் தரையை விட்டு ஒரு துளி மட்டும் எழும். இடுப்பு அசையவே அசையாது. மூன்றையும் சுமார் 10 நொடிதான் பிடிக்கச் சொல்கிறார். 6 முறை, ஓய்வு, 4 முறை, ஓய்வு, 2 முறை என்று இறங்கு வரிசை. தசை களைத்துப்போகாமல் தாங்கும் திறன் வளர இதுதான் வழி. இரண்டாவது நிமிடத்தில் இடுப்பு தொய்ந்து தொங்கும் பிளாங்க், தொய்ந்த முதுகோடு நிற்கத்தான் பழக்குகிறது.

பேர்ட் டாக் செய்யும்போது பார்க்க வேண்டியது, உயரும் காலை அல்ல. இடுப்பின் மேல், குறுக்காக ஒரு கம்போ சுருட்டிய பத்திரிகையோ வைத்துக்கொள்ளுங்கள். கால் போகும்போது அது ஒரு பக்கம் சரிந்தால், காலை உயர்த்தாதீர்கள். பாதம் தரையை விட்டு எழாமல் பின்னே வழுக்கிப் போகட்டும். கம்பு அசையாமல் அதைச் செய்ய எனக்கே ஒரு மாதம் பிடித்தது.

பெல்ட்டோடு பயிற்சி

கழற்றி வையுங்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் போடச் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994ல் ஒரு ஆய்வு வெளியானது. 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு இடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது, 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. ரிப்போர்ட்டில் "மூன்று லெவல்" (மூன்று இடத்தில்) என்று இருப்பதால் ஒருவர் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. "லேசான பல்ஜ்" (உப்பல்) என்று இருப்பதால் இன்னொருவர் கண்டபடி வளையவும் கூடாது. உங்கள் கால் என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள்.

வலி போனதும் விட்டுவிடுவது

முதுகெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ் என்று ஒரு தசை இருக்கிறது. இடுப்பு வலி வந்த பக்கத்தில் அது சுருங்கிவிடும். முதல் தடவை வலி வந்து போனவர்களை 1996ல் ஜூலி ஹைட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்தது. வலி முழுதாகப் போன பிறகும் பயிற்சி செய்யாதவர்களின் மல்டிஃபிடஸ் தானாகத் தேறவில்லை. வலி இல்லாத மாதங்களில்தான் அது வளர வேண்டியிருக்கிறது. நான் இப்போதும் வாரத்தில் ஐந்து நாள், 15 நிமிடம் செய்கிறேன்.

இவை வந்தால் பயிற்சியே செய்யக் கூடாது

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், மலம் கட்டுப்படவில்லை என்றால், உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனால், இரண்டு கால்களும் திடீரென்று வலுவிழந்தால், அது அவசர நிலை. அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. குதிகாலில் ஊன்றி நடக்கும்போது பாதம் தொங்கினாலோ, ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழ முடியாமல் போனாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். இந்த இரண்டையும் வாரம் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

அந்தத் துண்டுக்காரர் அடுத்த திங்கள்கிழமை வருகிறார். நோட்டில் இதுவரை நான்கு நாள் எழுதியிருக்கிறார்: கணுக்கால், கணுக்கால், கணுக்கால், கெண்டைக்கால்.