கேரவன் கழிவறையின் ஃப்ளஷ் தண்ணீர்த் தொட்டி: சுத்தம் செய்வதும் பராமரிப்பதும்

பிரிட்டனில் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களிடம் கழிவறைப் பராமரிப்பு பற்றிப் பேச்சு எடுத்தால், பேச்சு நேராகக் கேசட்டுக்குத்தான், அதாவது கழிவு சேரும், வெளியே இழுத்து எடுக்கும் பெட்டிக்குத்தான் போகும். எப்போது கொட்டுவது, எந்த நீல மருந்து நல்லது, நாற்றம் எப்படிப் போகும் என்று. ஃப்ளஷ் தண்ணீர் இருக்கும் தொட்டியை யாரும் நினைப்பதில்லை. அதில் நல்ல தண்ணீர்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். கேசட்டை நன்றாகக் கழுவிய பிறகும் கழிவறையில் குட்டைத் தண்ணீர் வாடை அடித்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் தொட்டியைத்தான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள், இருட்டான பிளாஸ்டிக் தொட்டியில் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் சுவரில் வழுவழுப்பான படலம் பிடிக்கும். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அதுதான் கழிவறைக்குள் வருகிறது.

புதிதாக கேரவன் வாங்கியவர்கள், அதிலும் பழைய வண்டி வாங்கியவர்கள், இதை ஒரு தடவை முழுதாகச் செய்துவிடுங்கள். அதன்பிறகு பராமரிப்பது சுலபம்.

உங்கள் வண்டியில் தனித் தொட்டி இருக்கிறதா?

எல்லாக் கேரவனிலும் இருக்காது. சில மாடல்களில் கழிவறைக்கென்றே ஒரு தொட்டி இருக்கும். மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 8 முதல் 15 லிட்டர் வரை பிடிக்கும். மற்றவற்றில் சமையலறைக் குழாய்க்கும் குளியலுக்கும் தண்ணீர் தரும் அதே ஏற்பாட்டிலிருந்து ஃப்ளஷுக்கும் தண்ணீர் போகும்.

கண்டுபிடிக்க, வெளிச்சுவரில் கேசட்டை இழுக்கும் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். கேசட்டுக்குப் பக்கத்தில் மூடியோடு ஒரு நிரப்பும் வாய் இருந்தால் தனித் தொட்டி உண்டு. சில வண்டிகளில் அந்த வாய் கதவுக்கு வெளியே சுவரிலேயே இருக்கும். எதுவும் இல்லையென்றால் தண்ணீர் பொதுத் தொட்டியிலிருந்து வருகிறது. இந்தச் செய்முறை உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் ஒன்று: அப்படிப்பட்ட வண்டியில் கழிவறைக்கான எந்தத் திரவத்தையும் தண்ணீரில் கலக்கவே கூடாது. பல் தேய்க்கும் தண்ணீரும் அதுதான்.

தேவையானவை

ரப்பர் கையுறை, வாளி, நீளமான வளையும் பாட்டில் பிரஷ், புனல், டார்ச், ஒரு பூவாளி. அப்புறம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள். கேரவன் கடைகளில் குடிநீர்த் தொட்டிக்கென்று விற்கும் கிருமி நீக்கும் பொடியோ திரவமோ ஒன்று. பூவாளியையும் கையுறையையும் இந்த வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள்.

1. முதலில் கேசட்டைக் காலி செய்யுங்கள்

தொட்டியை வடிக்கும்போது ஃப்ளஷ் பொத்தானை அடிக்கடி அழுத்த வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீரெல்லாம் கீழே கேசட்டுக்குள்தான் போகும். ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் வேலை நடுவில் நிரம்பி வழியும். முகாமில் கழிவு கொட்டும் இடத்தில் (எல்சன் பாயின்ட் என்பார்கள்) கொட்டிக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள்.

2. தொட்டியை வடியுங்கள்

பல மாடல்களில் நிரப்பும் வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய, உள்ளே தெரியும் குழாய் நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் மட்டம் பார்க்கவும் வடிக்கவும் அந்த ஒரே குழாய்தான். அதைக் கழற்றி வெளியே சாய்த்து, முனையில் மூடி இருந்தால் எடுத்துவிட்டால் தண்ணீர் வடியும். கீழே வாளியை வையுங்கள். தண்ணீரில் இளஞ்சிவப்பு ஃப்ளஷ் திரவம் கலந்திருந்தால் புல்லில் விடாதீர்கள். அதுவும் கழிவு கொட்டும் இடத்துக்கே போகட்டும்.

3. அடியில் தங்கும் தண்ணீர்

பலரும் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான். குழாய் சொட்டுவது நின்றுவிட்டாலும் தொட்டி காலியாகிவிடவில்லை. பம்ப் உட்கார்ந்திருக்கும் பள்ளத்திலும் மூலைகளிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அழுக்கெல்லாம் வந்து படிவதும் அதே இடத்தில்தான். அடுத்த தடவை நீங்கள் ஊற்றும் புதுத் தண்ணீர் அந்தப் பழைய தண்ணீரோடுதான் கலக்கும்.

இதை எடுக்க மூன்று வழி உண்டு. மூன்றையும் சேர்த்தே செய்யலாம்.

ஃப்ளஷ் பொத்தானை அழுத்தி மிச்சத்தை பம்ப் மூலமாகவே வெளியேற்றுங்கள். தண்ணீர் தீர்ந்து பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்துச் சத்தம் மாறியதும் கையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் அதை ஓட விடக் கூடாது.

அடுத்தது, வண்டியைச் சாய்ப்பது. கேசட் கதவு வண்டியின் பக்கச் சுவரில் இருப்பதால், எதிர்ப்பக்கச் சக்கரத்தை வண்டியைச் சமன் செய்யும் ராம்ப் மீது ஏற்றினால் மிச்சத் தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடி வரும். முன்னால் இருக்கும் ஜாக்கி வீலை (வண்டியின் முனையைத் தாங்கும் சின்னச் சக்கரம்) ஏற்றி இறக்கினால் முன்பின்னாகவும் சாய்க்கலாம். இதைச் செய்யும்போது நான்கு மூலை ஊன்றுகால்களும் மேலே தூக்கப்பட்டிருக்க வேண்டும். அவை வண்டி ஆடாமல் இருக்கத்தான், எடையைத் தூக்க அல்ல. கை பிரேக் போட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே தொடுங்கள். வண்டிக்குள் யாரும் இருக்க வேண்டாம்.

கடைசியாக, ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குழாயோடு ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி நிரப்பும் வாய் வழியாக உறிஞ்சலாம். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். பம்பைச் சுற்றியுள்ள சகதியும் கூடவே வந்துவிடும்.

4. தேய்த்துக் கழுவுதல்

பூவாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டு மூன்று துளி பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் விட்டு, பாதித் தொட்டி நிரப்புங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே பிரஷ் எட்டும் இடமெல்லாம் தேயுங்கள். எட்டாத இடத்துக்கு ஓட்டம்தான் மருந்து: வீடு திரும்பும் நாளில் தொட்டியில் சில லிட்டர் இந்தத் தண்ணீரோடு வண்டியை இழுத்துப் போனால் வழியெல்லாம் அலசிக்கொண்டே வரும். வந்ததும் வடித்துவிட்டு, நுரை வருவது நிற்கும்வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

5. உப்புக் கறை

லண்டன், கென்ட், எசெக்ஸ் பக்கம் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இது கட்டாயம். அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலில் வெள்ளையாகப் படிவதுதான் இங்கேயும் படிகிறது. பம்பிலும் தண்ணீர் பீய்ச்சும் துளையிலும் அது அடைத்தால் ஃப்ளஷ் பலவீனமாகிவிடும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிகளில் மென்மையான தண்ணீர். அங்கேயே சுற்றுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

லிட்டருக்கு சுமார் 10 கிராம் எலுமிச்சை உப்பு என்ற கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரைத்து ஊற்றுங்கள். 8 லிட்டர் தொட்டிக்கு 80 கிராம். ஊற்றியதும் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள். உள்குழாயிலும் அந்தத் தண்ணீர் போய் நிற்கட்டும். சில மணி நேரம் விட்டு, இன்னும் இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணி, மிச்சத்தை வடித்து, குறைந்தது இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

6. கிருமி நீக்கம்

இந்தப் படிக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. கிருமி நீக்கும் பொருட்கள் பலவற்றில் குளோரின் இருக்கும். அது அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கேரவன் கழிவறை மாதிரி சின்ன, அடைத்த இடத்தில் அது மிகவும் ஆபத்து. எனவே எலுமிச்சை உப்புத் தண்ணீர் தொட்டி, குழாய், கேசட் எல்லாவற்றிலிருந்தும் போன பிறகுதான் இதைத் தொட வேண்டும். கேசட்டை இன்னொரு முறை கொட்டிக் கழுவிவிட்டு வாருங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் அளவில் கலந்து, தொட்டியை நிரப்பி, ஒரு முறை ஃப்ளஷ் பண்ணி, சொல்லியிருக்கும் நேரம் மட்டும் விடுங்கள். அதிக நேரம் வைத்தால் அதிகச் சுத்தம் என்பதில்லை, ரப்பர்தான் கெடும். பிறகு வாடை போகும்வரை கழுவுங்கள். வீட்டில் புழங்கும் திக்கான பிளீச்சை இங்கே ஊற்றாதீர்கள். அது கேசட்டின் ரப்பர் சீலைக் கெடுத்து ஒழுக வைக்கும்.

7. மறுபடி நிரப்பும்போது

இளஞ்சிவப்பு ஃப்ளஷ் திரவம் தேவையா என்று கேட்பார்கள். தெட்ஃபோர்ட் நிறுவனத்தின் அக்வா ரின்ஸ் இந்த வகை. தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்ளும், கிண்ணத்தில் மெல்லிய பூச்சு போட்டு அழுக்கு ஒட்டாமல் தடுக்கும். சேர்ப்பது நல்லது, ஆனால் புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். கேசட்டுக்கான நீல மருந்து வேறு, இது வேறு. நீலத்தை இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது பிசுபிசுப்பாகப் படிந்துகொள்ளும்.

குடிநீர்க் குழாயின் ஹோஸை நிரப்பும் வாய்க்குள் நுழைக்காதீர்கள். அடுத்து வருபவர் அதே ஹோஸில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பார். பூவாளியில் பிடித்து வந்து ஊற்றுங்கள். கேசட் கழுவும் இடத்துக் குழாயும் வேண்டாம். அந்த ஹோஸ் எத்தனை கேசட்டுகளுக்குள் போய் வந்ததோ.

தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதைவிட, இரண்டு நாள் முகாமென்றால் பாதி ஊற்றுங்கள். பயணம் முடிந்ததும் வடித்துவிடுங்கள். எந்தத் திரவத்தை விடவும் இது ஒன்றுதான் தொட்டியைச் சுத்தமாக வைக்கும்.

பனிக்காலத்துக்கு முன்

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். பம்பில் நிற்கும் கொஞ்சத் தண்ணீரே அதை உடைக்கப் போதும். எனவே அக்டோபர் கடைசியில் வண்டியை நிறுத்துபவர்கள் மேலே சொன்ன 2, 3 படிகளைக் கட்டாயம் செய்து, வடிகுழாயை வெளியே தொங்கவிட்டு, நிரப்பும் வாயின் மூடியைத் தளர்வாக வையுங்கள். கேசட்டின் திறப்புத் தகட்டையும் பாதி திறந்து வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளாது. அந்த ரப்பருக்கு வாஸ்லின் தடவாதீர்கள், அதற்கென்று விற்கும் சிலிகான் ஸ்பிரே போதும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இங்கே ஆகாது.

ஃப்ளஷ் வேலை செய்யாவிட்டால்

பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லையா? வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கழிவறைக்கான ஃபியூஸைப் பாருங்கள். சில மாடல்களில் அது கேசட் கதவுக்கு உள்ளேயே இருக்கும். கையேட்டில் சொன்ன ஆம்பியர் அளவிலேயே மாற்றுங்கள், கூட்டிப் போடாதீர்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் தொட்டி காலியாக இருக்கலாம், அல்லது துளை அடைத்திருக்கலாம். 5-ஆம் படியை இன்னொரு முறை செய்து பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 12 வோல்ட் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உங்கள் மாடலின் கையேட்டில் காட்டியபடி பம்பைக் கழற்றி, அதன் அடியில் முடியோ படிவோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அது திருகினால் கையோடு வரும். வராவிட்டால் பலம் கொடுத்து இழுக்காதீர்கள், கேரவன் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.