இணையத்தில் வாங்கிய சான்றிதழ் போதாது: அமெரிக்க வாடகை வீட்டில் இ.எஸ்.ஏ. கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீடு தேடும்போது 'நோ பெட்ஸ்' என்று போட்டிருந்தால் பலர் அந்த விளம்பரத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். மனச்சோர்வுக்கோ பதற்றக் கோளாறுக்கோ சிகிச்சையில் இருந்து, தன் நாயோ பூனையோ பக்கத்தில் இருந்தால்தான் இரவில் தூங்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர் அப்படித் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1968இல் வந்த ஃபேர் ஹவுசிங் ஆக்ட், 1988 திருத்தத்துக்குப் பிறகு உடற்குறை, மனநலக் குறை உள்ளவர்களையும் காக்கிறது. மற்றவர்களைப் போல அவர்களும் அந்த வீட்டில் வாழ ஒரு விதியைத் தளர்த்துவது அவசியம் என்றால், நியாயமான அளவுக்கு வீட்டுக்காரர் தளர்த்தியாக வேண்டும். 'நோ பெட்ஸ்' விதியும் இதில் அடங்கும். இப்படி அனுமதி பெற்று வைத்திருக்கும் பிராணியைத்தான் எமோஷனல் சப்போர்ட் அனிமல், சுருக்கமாக இ.எஸ்.ஏ., என்கிறார்கள். எஃப்-1 விசா மாணவர், எச்-1பி விசா ஊழியர், குடிமகன் என்று இந்தச் சட்டம் ஆள் பார்ப்பதில்லை.

உரிமை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். உண்மையிலேயே தேவை இருப்பவர்கள் தவறான காகிதத்தைக் காட்டி மறுப்பு வாங்கிக்கொண்டு திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதிவேடு என்று ஒன்று கிடையாது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். 'உங்கள் நாயை இன்றே இ.எஸ்.ஏ.வாகப் பதிவு செய்யுங்கள்' என்று அழைக்கும் இணையதளங்கள் நிறைய. பணம் கட்டினால் பதிவு எண், புகைப்பட அட்டை, நாய்க்கு ஒரு சிவப்புச் சட்டை, பளபளப்பான சான்றிதழ் எல்லாம் வீட்டுக்கே வரும். இவற்றில் எதற்கும் சட்ட மதிப்பு இல்லை. அமெரிக்க மத்திய அரசு இப்படி ஒரு பதிவேட்டை நடத்தவே இல்லை. எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை. வருடா வருடம் 'புதுப்பிக்க வேண்டும்' என்று பணம் கேட்பதும் அந்தக் கடைகளின் வியாபாரம்தானே தவிர, மத்திய சட்டத்தில் அப்படி ஒரு காலாவதி இல்லை.

சட்டம் தேடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, அன்றாட வாழ்க்கையின் முக்கியமான ஒரு செயலைக் கணிசமாகத் தடுக்கும் உடல் அல்லது மனக் குறை உங்களுக்கு இருக்கிறதா? தூக்கம், கவனம், மனிதர்களோடு பழகுவது, வேலை செய்வது போன்றவை அந்தச் செயல்கள். இரண்டு, அந்தக் குறையின் விளைவை இந்தப் பிராணி தணிக்கிறதா? 'நாய் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறது' என்பது இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது. 'நள்ளிரவில் வரும் பீதித் தாக்குதலின்போது பிராணியின் அருகாமை நோயாளியை நிலைப்படுத்துகிறது' என்பது பதில்.

இந்த இரண்டையும் உங்களைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். மனநல மருத்துவர், உளவியலாளர், உரிமம் பெற்ற தெரபிஸ்ட், உங்களை நீண்டகாலமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் யாராக இருந்தாலும் சரி. அவர் தன் லெட்டர்ஹெட்டில் தேதி, கையொப்பம், உரிம விவரம், எந்த மாநில உரிமம் என்பவற்றோடு ஒரு பக்கக் கடிதம் தந்தால் போதும். வீடியோவில் மட்டுமே பார்க்கும் தெரபிஸ்ட் என்பதால் கடிதம் செல்லாது என்றில்லை. உண்மையான சிகிச்சை உறவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துக் கேள்விக்கு டிக் போட்டதும் பத்து நிமிடத்தில் பி.டி.எஃப். வந்து விழுந்தால் அது சிகிச்சை உறவு இல்லை. அதை வீட்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ்காரர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சில மாநிலங்கள் இதில் கடுமையாக இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல், ஒருவரின் நாய்க்கு இப்படிக் கடிதம் தரும் மருத்துவர் அந்த நபரோடு குறைந்தது 30 நாள் சிகிச்சை உறவில் இருந்திருக்க வேண்டும். அந்த நபர் இருக்கும் இடத்தில் செல்லும் உரிமமும் மருத்துவரிடம் வேண்டும். ஃப்ளோரிடா 2020இல் கொண்டுவந்த சட்டத்தின்படி பொய்யான இ.எஸ்.ஏ. ஆவணம் காட்டுவது குற்றம். அதாவது, இணையத்தில் வாங்கிய தாள் பலிக்காமல் போவதோடு நிற்காது; உங்களையே வழக்கில் மாட்டிவிடவும் கூடும்.

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி: சென்னையிலோ கோவையிலோ பல வருடம் பார்த்த மனநல மருத்துவரிடமே கடிதம் வாங்கிவிடலாமா? வாங்கலாம்; ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். இங்குள்ள வீட்டுக்காரரால் அந்த உரிமத்தைச் சரிபார்க்க முடியாது, சந்தேகப்பட அவருக்கு இடம் கிடைத்துவிடும். கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தில் அது போதவும் போதாது. அந்த மருத்துவக் குறிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே ஒரு மருத்துவரிடம் சிகிச்சையைத் தொடருங்கள். பழைய வரலாறு எழுத்தில் இருந்தால் புதியவருக்கும் உங்களைப் புரிந்துகொள்வது எளிது. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள் இ.எஸ்.ஏ. கடிதம் தருவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. செமஸ்டர் தொடங்கிய பிறகு அது தெரியவந்தால் வெளியே மருத்துவரைத் தேட அவகாசம் இருக்காது.

நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை

மனநலச் சிகிச்சை என்பதை நம்மவர்கள் சொந்த அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். லீசிங் ஆபீஸில் அதை எழுதிக் கொடுப்பதா என்ற பயத்திலேயே கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து மருந்துச்சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, தெரபி குறிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டுமே வேண்டாம். வீட்டுக்காரருக்கு நோயின் பெயரைக் கேட்க உரிமையில்லை. மருத்துவப் பதிவுகளைக் கேட்கவும் உரிமையில்லை. குறை ஒன்று இருக்கிறது, அதற்கும் பிராணிக்கும் தொடர்பு இருக்கிறது என்ற அளவில் நம்பத்தகுந்த உறுதி கிடைத்தால் அவருக்குப் போதும். கடிதம் எழுதப்போகும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 'நோயின் பெயர் வேண்டாம், அது வாழ்க்கையை எப்படித் தடுக்கிறது, பிராணி எப்படி உதவுகிறது என்பது மட்டும் போதும்.' பெரும்பாலானவர்களுக்கு இது தெரியும். தெரியாத ஒருவர் எழுதிய கடிதத்தில் முழு வரலாறும் இருந்தால் திருத்தித் தரச் சொல்வதில் தவறே இல்லை. ஒருமுறை அனுப்பிவிட்ட மருத்துவ விவரம் எத்தனை பேர் இன்பாக்ஸில் போய் உட்காரும் என்பது யாருக்கும் தெரியாது.

திரும்பத் திரும்பக் கேட்டு இழுத்தடிப்பதும் மறுப்புக்குச் சமமாகிவிடக்கூடும். ஃப்ளோரிடாவில் அல்டமோன்ட் ஹைட்ஸ் காண்டோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) சங்கத்தில் நாய் 25 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. விமானப்படையில் இருந்த ஒருவர், படைச்சேவையின்போது நேர்ந்ததால் வந்த மன அதிர்ச்சிக் கோளாறுக்காக அதைவிடப் பெரிய நாயை வைத்திருந்தார். மருத்துவர் கடிதங்கள் கொடுத்த பிறகும் சங்கம் மேலும் மேலும் விவரம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கு 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2014இல் அந்த நீதிமன்றம் அவருக்குச் சாதகமான தீர்ப்பை உறுதி செய்தது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 5,000 டாலர்; சங்கம் கட்ட வேண்டியிருந்த அவரது வக்கீல் செலவோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சொந்தமாக காண்டோ வாங்கியவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதற்கும் இது சாட்சி.

பல்கலைக்கழக விடுதிக்கும் பொருந்தும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் ஒரு மாணவிக்குப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான துணைநாயை மறுத்தார்கள். மாணவர் குடியிருப்பும் 'வீடு'தான், ஃபேர் ஹவுசிங் ஆக்ட் அங்கேயும் செல்லும் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. 2015இல் பல்கலைக்கழகம் 1,40,000 டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. விடுதி அலுவலகம் 'எங்கள் விதி வேறு' என்றால் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது.

முதலில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

பிராணியை ரகசியமாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்து நோட்டீஸ் வந்த பிறகு கடிதம் தேடி ஓடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒப்பந்தம் போட்ட பின்னாலும், பிராணி வந்த பின்னாலும் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸுக்கு மறுநாள் தேதி போட்ட கடிதத்தை யாரும் மனமார நம்ப மாட்டார்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் சட்டப்படி கோரிக்கைதான். நாளைக்கு 'அவர் கேட்கவே இல்லை' என்று சொன்னால் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதனால் மின்னஞ்சலில் நாலு வரி எழுதுங்கள்: ஃபேர் ஹவுசிங் ஆக்டின் கீழ் ஒரு துணைப்பிராணிக்காக விதித்தளர்வு கேட்கிறேன், மருத்துவர் கடிதம் இணைத்திருக்கிறேன், இந்தத் தேதிக்குள் பதில் தாருங்கள். தொலைபேசியில் பேசினால் அன்றே 'நாம் பேசியது இது' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதங்களை அப்படியே நகலெடுப்பதிலும் கவனம் வேண்டும். அவற்றில் பல, வீட்டுவசதித் துறையான ஹட் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலையே சட்டம் போல மேற்கோள் காட்டுகின்றன. வழிகாட்டுதல்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறும், திரும்பப் பெறவும்படும். உங்கள் கோரிக்கை காங்கிரஸ் இயற்றிய சட்டத்தையும் உங்கள் மாநிலச் சட்டத்தையும் சார்ந்து நிற்கட்டும்.

அனுமதி கிடைத்த பிறகு வரும் தவறு பணம். இ.எஸ்.ஏ. வளர்ப்புப் பிராணிக் கணக்கில் வராது. அதனால் பெட் டெபாசிட்டும் மாதாமாதம் பெட் ரென்ட்டும் வசூலிக்கக் கூடாது. ஆன்லைன் போர்ட்டல் தானாகவே அந்தத் தொகையைச் சேர்த்துவிடும், நாமும் சண்டை வேண்டாமென்று கட்டிவிடுவோம். கட்டாதீர்கள், அதை நீக்கச் சொல்லி எழுதுங்கள். அதே சமயம் நாய் கதவைப் பிறாண்டினாலோ கார்ப்பெட்டைக் கெடுத்தாலோ அந்தச் செலவு உங்களுடையதுதான்.

சட்டம் எட்டாத இடங்கள்

நியூஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ நம்மவர் ஒருவர் வீட்டின் ஓர் அறையையோ பேஸ்மென்ட்டையோ வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, மொத்தம் நான்கு குடியிருப்புகளுக்கு மேல் இல்லை என்றால், மத்திய சட்டத்தின் இந்தப் பகுதி அவரைக் கட்டாயப்படுத்தாது. மூன்று தனிவீடுகளுக்கு மேல் இல்லாத ஒருவர், தரகர் இல்லாமல் தானே வாடகைக்கு விடும் தனிவீட்டுக்கும் விலக்கு உண்டு. இதைத் தெரியாமல் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் உறவுதான் கெடும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில், உரிமையாளர் குடியிருக்கும் தனிவீட்டில் ஒரே ஒருவருக்கு அறை விடுவதற்கு மட்டுமே அந்த விலக்கு.

இன்னொரு பெரிய குழப்பம், இ.எஸ்.ஏ.வையும் சர்வீஸ் டாகையும் ஒன்றாக நினைப்பது. பார்வையற்றவரை வழிநடத்துவது, வலிப்பு வருமுன் எச்சரிப்பது போன்ற குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய்தான் சர்வீஸ் டாக். அதற்குச் சட்டமும் வேறு. இ.எஸ்.ஏ.வுக்கு அப்படிப் பயிற்சி தேவையில்லை. அதனாலேயே உணவகத்திலும் மளிகைக்கடையிலும் நுழைய அதற்கு உரிமையும் இல்லை. விமானத்திலும் இல்லை: 2021 ஜனவரி 11 முதல் இ.எஸ்.ஏ.வை ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்குக் கிடையாது.

நாயின் இனம், எடை பற்றிய பொதுத்தடைகள் இ.எஸ்.ஏ.வுக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட நாய் கடித்திருந்தால், துரத்தியிருந்தால் வீட்டுக்காரர் மறுக்கலாம். ரேபிஸ் தடுப்பூசி, உள்ளூர் நாய் உரிமம், கழிவை அள்ளுவது, கயிற்றில் பிடித்துச் செல்வது எல்லாம் உங்கள் கடமை. ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் (குடியிருப்பவர் எடுக்கும் காப்பீடு) வைத்திருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை படியுங்கள். சில நாயினங்களால் வரும் இழப்பை ஏற்க மாட்டோம் என்று சில நிறுவனங்கள் போட்டிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மறுத்தால், கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பேச்சு பிராணியை விட்டு வாடகைப் பாக்கிக்குப் போய்விடும். அதை வைத்தே வெளியேற்றிவிடுவார்கள். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாகுபாடு நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் ஹட்டில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. நேரடியாக நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பல மாநிலங்களில் தனியாகக் குடிமை உரிமை (சிவில் ரைட்ஸ்) அமைப்புகளும் இலவசச் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. புகார் செய்ததற்காக வீட்டுக்காரர் மிரட்டினாலோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, அந்தப் பழிவாங்கலையே தனிப் புகாராகக் கொடுக்க அதே சட்டம் இடம் தருகிறது.