ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ல தேடணுமா?

பழைய தமிழ் புக் பிடிஎஃப்ல கன்ட்ரோல் எஃப் போட்டு ஒண்ணுமே வரலன்னா அது பெரும்பாலும் வெறும் போட்டோதான், உள்ள டெக்ஸ்ட்டே இருக்காது. கூகுள் டிரைவ்ல ஏத்தி, ரைட் கிளிக் பண்ணி கூகுள் டாக்ஸ்ல ஓபன் பண்ணுங்க, டெக்ஸ்ட்டா மாத்திக் குடுத்துரும், தமிழும் நல்லாவே படிக்குது, பெரிய ஃபைலா இருந்தா 2 எம்பிக்குள்ள வர்ற மாதிரி பிரிச்சு ஏத்துங்க. அப்புறம் தேடும்போது "நிலம்"னு முழுசா அடிக்காதீங்க, "நிலத்தை", "நிலத்தில்" எல்லாம் விட்டுப்போயிடும், "நில"ன்னு மட்டும் அடிச்சா எல்லாமே வரும். ஆனா சில தமிழ் எழுத்தோட வடிவத்தை மாத்தின 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புக்னா, பழைய வடிவத்துல ணை, லை, னை வர்ற இடத்துல கூகுள் டாக்ஸ் தடுமாறும். பேர், வருஷம், எண் இதையெல்லாம் தயவுசெஞ்சு ஸ்கேன் பக்கத்தோட ஒத்துப் பார்த்துட்டு எடுங்க.