பழைய மாடல் டாங்கியைப் புதுப்பிக்க

அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் 1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) டாங்கி மாடலை முதலில் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பிரஷால் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். கழன்று விழும் சின்னச் சின்னப் பாகங்களை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

பழைய பெயின்ட் தடிமனாக இருந்தால் மட்டும் நீக்கினால் போதும். அக்ரிலிக் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைந்து வரும். லாக்கர் தின்னரை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

பிரைமர் (பெயின்ட் பிடிக்க உதவும் முதல் பூச்சு), அக்ரிலிக் அடிநிறம், பளபளப்பான வார்னிஷ் என்று பூசி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் அடர்பழுப்பு எனாமல் வாஷை (நீர்க்கக் கரைத்த பெயின்டை) இடுக்குகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் விடுங்கள். அரைமணி கழித்து, எனாமலைக் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்தால், மழைநீர் வழிந்த தடம் போலவே வரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்! முடிந்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

பெயின்ட் உதிர்ந்த தோற்றத்துக்கு ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதும். பெயின்டைத் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, வீரர்களின் கால் படும் இடங்களிலும் மூடிகளின் விளிம்பிலும் மட்டும் தட்டுங்கள். உடல் முழுக்கத் தட்டினால் டாங்கி அம்மை போட்டதுபோல ஆகிவிடும்.

வீரர் பொம்மைகளைத் தனியாக வண்ணம் தீட்டி, கடைசியில் ஒட்டுங்கள். அந்த அளவில் ஆளே 5 செ.மீ. உயரம்தான், கண்ணுக்கு வெள்ளை வைத்தால் முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும், குழியில் நிழல் கொடுத்தால் போதும். சக்கரங்களில் புழுதி நிறப் பொடி தடவினால், அதையே பூட்ஸிலும் தடவ மறக்காதீர்கள்.