எல்இடி பல்பு தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய சுற்றுச்சூழல் தவறுகள்

மின்னணுப் பொருளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் தயாரிக்க வேண்டும் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அட்டைப்பெட்டிதான். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, பழுப்புக் காகிதத்தில் பச்சை இலை ஒன்றை அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றரை வருடத்தில் குப்பைக்குப் போகுமென்றால் அந்த இலையால் யாருக்கு என்ன லாபம்?

எல்இடி பல்பையே எடுத்துக்கொள்வோம். சிறு தொழிற்கூடங்கள்கூடத் தயாரிக்கிற பொருள் இது. எல்இடி பல்புகளைப் பரப்ப மத்திய அரசு 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் இந்தியாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாயின. வடிவமைப்பில் சறுக்கும் ஒரு சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகப் பெருகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சுற்றுச்சூழலுக்கான சுமை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்குவது அடிப்படையான தவறு. கைபேசியால் வெளியேறும் கார்பனில் பெரும்பங்கு, அது கடைக்கு வருவதற்கு முன்பே, சிப்பும் திரையும் தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. அதனால் கைபேசியை நீண்டகாலம் உழைக்க வைப்பதுதான் அங்கே முக்கியம். பல்பு அப்படியல்ல. அது எரியும் காலமெல்லாம் இழுக்கும் மின்சாரம்தான் பெரிய கணக்கு. ஆகவே ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கைபேசிக்கு எழுதிய பட்டியலைப் பல்புக்கு அப்படியே பொருத்துவது வீண் வேலை.

வெளிச்சத்தைக் குறைந்த செலவில் பெறப் பலர் பிடிக்கும் குறுக்குவழி, எல்இடி சில்லுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றில் அதிக மின்னோட்டத்தைச் செலுத்துவது. நாலு பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேர் தலையில் ஏற்றுகிற கதைதான். மின்னோட்டம் ஏற ஏற எல்இடியின் திறன் குறையும், சூடு கூடும், ஆயுள் சுருங்கும். மின்சாரத்துக்கும் நஷ்டம், பொருளுக்கும் நஷ்டம். இதற்கு நேர் எதிரானதை துபாயில் செய்து காட்டினார்கள். துபாய் மாநகராட்சியுடன் சேர்ந்து பிலிப்ஸ் 2016இல் கொண்டுவந்த 'துபாய் லேம்ப்' வாட்டுக்கு 200 லூமென் தந்தது. நம் கடைகளில் கிடைக்கும் 9 வாட் பல்பு ஏறக்குறைய அதில் பாதிதான் தருகிறது. அங்கே மந்திரம் ஒன்றுமில்லை. எல்இடிகளை அதிகமாக வைத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டினார்கள், அவ்வளவுதான். முதலில் பொருட்செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவை மிச்சம்பிடிப்பதன் விலையை மின்கட்டணத்தில் வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது கெப்பாசிட்டர். பெட்டியில் ஆயுள் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். எல்இடி சில்லு அதைத் தாங்கவும் கூடும். வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சுற்றான டிரைவரில், மின்னைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தாங்குமா? 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று டேட்டாஷீட் சொல்லும் ரகத்தைப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. உள்ளே 95 டிகிரி இருந்தால் 4,000 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் நானூறு நாள்! அதே 105 டிகிரியில் 10,000 மணி நேரம் தாங்கும் ரகமும் சந்தையில் உண்டு. அதை வடிவமைப்பாளர் குறித்துக் கொடுத்தாலும், பர்ச்சேஸ் பிரிவு சத்தமில்லாமல் மலிவானதை வாங்கிப் போட்டுவிடுவது தனிக்கதை. கெப்பாசிட்டரே இல்லாத மலிவு டிரைவர்களும் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் துடிக்கும், மின்னழுத்தம் எகிறினால் சில்லுகள் நேரடியாக அடிவாங்கும்.

அந்த 95 டிகிரி எங்கிருந்து வருகிறது? ஏசி அறையில், மேசைமேல் நிமிர்த்தி வைத்துச் சோதித்தால் வராது. வீட்டில் பல்பு தலைகீழாகத் தொங்குகிறது. சூடு மேலேறி நேராக டிரைவர் இருக்கும் பகுதிக்கே போகிறது. மேலே மூடிய கூண்டு, வெளியே சித்திரை வெயில். இந்த நிலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நியூட்ரல் தளர்ந்தால் 230 வோல்ட் எங்கேயோ போய்விடும் ஊரில், மின்னெழுச்சியைத் தடுக்கும் ஒரு சின்ன பாகத்தை விட்டுவிடுவதும் சிக்கனமாகாது.

நச்சுப்பொருள் விஷயத்தில் நடக்கும் தவறு வேறுவகை. ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு எடையில் 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்று வரம்பு உண்டு. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளிலும் இதே வரம்புகள்தான். முழுப் பல்பின் எடையில் இவ்வளவு ஈயம் என்று சராசரி போட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பாகங்களைப் பற்றவைக்கும் உலோகக் கலவையான சால்டர், ஒயரின் மேலுறை, மூடியின் பிளாஸ்டிக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அந்த வரம்பு பொருந்தும். 2001 கடைசியில் நெதர்லாந்து சோனியின் வீடியோ கேம் கருவியான பிஎஸ் ஒன் பெட்டிகள் 13 லட்சத்தை நிறுத்தி வைத்தபோது சிக்கல் இருந்தது கேபிளில் இருந்த காட்மியத்தில்தான். சோனிக்கே அந்தக் கதி. தயாரிப்பு லைனில் ஈயமில்லா சால்டர் ஓடும்; ரிப்பேர் மேசையில் மட்டும் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பழைய 63/37 சுருள் கிடக்கும். 217 டிகிரிக்குப் பதில் 183 டிகிரியிலேயே உருகுவதால் கை தானாக அதற்குத்தான் போகும். சான்றிதழை விட்டுவிட்டு அந்த மேசையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு, திறக்க முடியாத பல்பு. அலுமினியத்தின் மேல் பிளாஸ்டிக்கை வார்த்து, மூடியைச் சிலிகோன் பசையால் ஒட்டிவிட்டால் காயலான் கடைக்காரரால் இரண்டையும் பிரிக்க முடியாது; அலுமினியத்துக்கு உரிய விலையும் கிடைக்காது. பல ஊர்களில் பழைய எல்இடி பல்பைத் திறந்து, உள்தட்டை மாற்றி மறுபடி எரிய வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் மூடி அவர்களுக்கு எவ்வளவோ உதவி. அப்படிப்பட்ட மூடியையும் 'பாதுகாப்புக்காக' என்று பசை போட்டு அடைப்பவர்களை என்ன சொல்ல!

வாரண்டியில் திரும்பி வரும் பல்புகளை எண்ணிவிட்டுக் கொட்டிவிடுவதும் பரவலாக நடக்கிறது. அவற்றில் ஒரு பங்கையாவது திறந்து, செத்தது சில்லா, கெப்பாசிட்டரா, சால்டர் இணைப்பா என்று வகைபிரித்து எழுதிவைத்தால், அடுத்த போர்டில் எதை மாற்ற வேண்டும் என்று வெளியாளைக் கேட்க வேண்டியதில்லை.